சுண்ணாம்பு ஆகாத செடி

செண்பகனூர்,
9 பிப்ரவரி 1964

அன்புள்ள விசாலத்துக்கு,

இங்கே நானும் அக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் இருமல் தீர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன் செடிகள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் தன் ஊருக்குப் போய்க் கப்பலில் திரும்பிய உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி மிஸ் பார்க்கர் தானே கொண்டுவந்து கொடுத்தார். ஈரப் பாசியில் சுற்றி, அதன்மேல் தாள் சுற்றி, மூன்று குச்சிகள். இலை இல்லை. செடி என்று சொல்வதற்கே கொஞ்சம் நம்பிக்கை வேண்டும். பம்பாயில் அதிகாரிகள் பிரித்துப் பார்த்துச் சிரித்தார்களாம். அக்காவும் சிரித்தாள். "ஏலே, அம்புட்டுத் தொலவுலேருந்து வெறகையா அனுப்பியிருக்கா? நம்ம மலையில வெறகுக்கா பஞ்சம்?" என்றாள். புளூபெர்ரி என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் வாயில் அது நிற்கவில்லை. 'அமெரிக்காக்காரிக' என்று பெயர் வைத்துவிட்டாள். மூன்று பேர். நீ சேர்ந்தால் நாலு.

கூடவே ஒரு தாள் இருந்தது. உன்னுடையது என்று நினைத்துப் பிரித்தேன். கீழே மணியன் என்று கையெழுத்து. உன் கடிதங்களில் அடிக்கடி வரும் அதே மணியன். கோயம்புத்தூர்க்காரர், மண் ஆராய்ச்சி, உன் அறைக்கு அடுத்த அறை. அச்சுக் கோத்ததுபோன்ற எழுத்து. ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை. சந்தேகமே வராத மனிதர்களின் எழுத்து.

தொட்டி அகலமாக இருக்கட்டும், வேர் மேலாகவே ஓடும் என்கிறார். புளித்த மண், அதாவது அமில மண் வேண்டும். சாம்பல் ஆகாது, சுண்ணாம்பு ஆகவே ஆகாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றவும். முதல் வருஷம் பூவைக் கிள்ளிவிடவும். கடைசி வரி இது: 'பின்னால் பழம் வந்தால், விசாலாட்சி அவர்களுக்குத் தயிரில் போட்டுச் சாப்பிடப் பிடிக்கும்.'

மூன்று வருஷம் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். தயிரில் நீ உப்பைத் தவிர எதையும் போட்டு நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னபடிதான் செய்தேன். சந்தையில் அகல வாய்த் தொட்டிகள் வாங்கினேன். சோலை ஓரத்துக் கறுப்பு மண்ணையும் பைன் மரத்தடியில் மக்கிக்கிடந்த இலையையும் சாக்கில் கட்டி நானே சுமந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. அடுப்புச் சாம்பலைக் கொட்டக் கூடாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஊரிலிருக்கும் செடிக்கெல்லாம் சாம்பல் போடுகிறவள் அவள். மற்றதைச் சொல்லவில்லை. சுண்ணாம்பை யார் செடிக்குப் போடப்போகிறார்கள்? தவிர, அந்தத் தாளை வீட்டில் உரக்கப் படிக்க எனக்கு மனமில்லை.

நீ அனுப்பிய படத்தை அக்கா முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்திருக்கிறாள். பழத் தோட்டத்தில் வாளியோடு நிற்கிறாய். சிரிக்கிறாய். உன் பாதம்வரை ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது. படம் எடுத்தவருடைய நிழல். தலையில் தொப்பி. காலையில் சவரம் செய்யும்போது என் முகமும் உன் முகமும் அந்தத் தொப்பியும் ஒன்றாகத் தெரிகின்றன.

காலுறை இரண்டு போட்டுக்கொள்.

உன்
சேனாதிபதி


செண்பகனூர்,
19 ஏப்ரல் 1964

அன்புள்ள விசாலத்துக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. அக்காவுக்கு நீ எழுதிய பகுதியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்பட்டாள். உன் தம்பி திண்டுக்கல்லிலிருந்து வந்து ஒரு நாள் தங்கிப் போனான். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். கவலைப்படாதே.

உன் கேள்வியைப் படித்தேன். இன்னொரு வருஷம் இருந்தால் பட்டத்தோடு வரலாம் என்கிறார் பேராசிரியர், உதவித்தொகையும் நீளும், ஜூன் கடைசிக்குள் சொல்ல வேண்டும், 'உங்கள் கடிதம் வந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.' எல்லாம் புரிந்தது. இதை நிதானமாக எழுத வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

செடிகள் துளிர்த்துவிட்டன. முதலில் சிவப்பாக ஒரு மொட்டு, பிறகு இலை. நான் நம்பவே இல்லை. பூவும் வந்தது. வெள்ளையாக, தலைகீழாகத் தொங்கும் குட்டி மணிகள். பக்கத்து வீட்டு வேலுத்தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். வில்பட்டியிலிருந்து காய்கறி கொண்டுவருகிறவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். பூவைக் கிள்ள வேண்டும் என்று உத்தரவு இருந்ததல்லவா, கிள்ளினேன். ஒவ்வொன்றாக. எந்த உத்தரவையும் இவ்வளவு மகிழ்ச்சியோடு நான் நிறைவேற்றியதில்லை. மூன்றாவது தொட்டியில் மட்டும் ஒரு கொத்தைக் கிள்ளவிடாமல் அக்கா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். "பூத்ததப் போயி கிள்ளுறியே, பாவி. ஒண்ணாச்சும் கெடக்கட்டும்" என்றாள்.

இத்தனை பேர் பார்த்தால் கண்படும் என்பது அவள் கவலை. தனக்குத் தெரிந்த காவலைச் செய்கிறாள். நான் தலையிடுவதில்லை.

தபால்காரர் சின்னச்சாமி கேட்டார்: "அங்கேருந்து வாரந்தவறாம வருதுங்க. நம்ம பக்கத்துலேருந்துதான் போக மாட்டேங்குது. ஸ்டாம்பு கிம்பு தட்டுப்பாடுங்களா, வாத்தியாரய்யா?" எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைச் சோலி என்றேன். பரீட்சை முடிந்து பத்து நாளாகிறது என்பது அவருக்கும் தெரியும். அவர் மகன் என் வகுப்பில் படிக்கிறான்.

உன் கடிதங்களில் ஒரு 'நாங்கள்' வருகிறது. நாங்கள் காரில் போனோம். நாங்கள் ஏரி பார்த்தோம், கடலைப்போல, அக்கரை தெரியவில்லை. நாங்கள் கரையில் ரொட்டி சாப்பிட்டோம். அந்த 'நாங்கள்' எத்தனை பேர் என்று கேட்டு எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். பார், என் தாளில் அடித்தல் உண்டு.

இங்கேயும் ஓர் ஏரி இருக்கிறது. அக்கரை தெரியும்.

விசாலம், இந்த உதவித்தொகைக்கு நானும் விண்ணப்பித்தேன் என்பதை நாம் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்வதில்லை. நீ தேர்வானது தெரிந்த அன்று நான் கடைக்குப் போய் ஜாங்கிரி வாங்கி வந்தேன். எல்லோருக்கும் கொடுத்தேன். அன்று நான் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை என்பதை நீ கவனித்தாய். எனக்குத் தெரியும். நீ கேட்கவில்லை. இப்போதும் கேட்காதே.

பனி உருகி வழுக்கும் என்று எழுதியிருந்தாய். பார்த்து நட.

உன்
சேனாதிபதி


செண்பகனூர்,
10 மே 1964

அன்புள்ள விசாலத்துக்கு,

சீசன் கூட்டம். பஸ்ஸில் இடம் கிடையாது, கடையில் பால் கிடையாது. நாங்கள் இருவரும் சுகம். நீ கேட்ட பதிலுக்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

செடிகள் நோய்ப்பட்டுவிட்டன. இலை மஞ்சளாகிறது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது, வரைபடத்தில் ஆறுகள்போல. முதலில் முதல் தொட்டி. பிறகு மற்றவை. இளந்துளிர் ஓரம் கருகிச் சுருள்கிறது.

முதல் இலை மஞ்சளாவதைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. சந்தோஷமாக இருந்தது. அச்சுப்போன்ற அந்த எழுத்து எங்கோ தப்புச் செய்துவிட்டது என்று இருந்தது. அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். அக்காகூட, "என்னடா, இன்னிக்கி மொகம் தெளிஞ்சிருக்கு" என்றாள்.

அந்தச் சந்தோஷம் சில நாள் இருந்தது. பிறகு மற்ற இரண்டும் வாடத் தொடங்கியதும் எனக்குப் பயம் வந்தது. இவற்றை நீ மார்கழிக் குளிரில் பாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டாய். செத்துவிட்டன என்று நான் எப்படி எழுதுவேன்? எழுதினால், நான் அதை எந்த முகத்தோடு எழுதினேன் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரம். அக்கா தட்டோடு தொட்டிகளுக்கு முன்னால் நின்றாள். சிவந்த தண்ணீர். ஆரத்தி. மூன்று செடிகளுக்கும் சுற்றினாள். "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு" என்று முணுமுணுத்தாள். வழக்கமாக அந்தத் தண்ணீரை முச்சந்தியில், கால் படாத ஓரமாகப் பார்த்து ஊற்றுவார்கள். நம் வீட்டு முன்னால் பாதை ஒற்றையடி. பாதிரிமார் செமினரிக்கும் பஸ்ஸுக்கும் போகிறவர்கள் எல்லோரும் அதில்தான் நடக்கிறார்கள். கால் படாத இடம் என்று அவள் கண்டுபிடித்தது அந்தத் தொட்டிகளைத்தான். தட்டைச் சாய்த்து மூன்றின் தூரிலும் பங்கிட்டு ஊற்றினாள்.

ஆரத்தி எதனால் சிவக்கிறது? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு.

பங்குனியிலிருந்து செவ்வாய் தவறாமல் வெள்ளி தவறாமல் இது நடந்திருக்கிறது. இலை வாட வாட, கண் பலமாக விழுந்திருக்கிறது என்று சுண்ணாம்பைக் கூட்டியிருக்கிறாள். மண்ணை விரலால் கிளறினேன். சிவப்பு அடிவரை இறங்கியிருந்தது.

சுண்ணாம்பு இதற்கு ஆகாது என்று சொன்னேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். முகம் சுருங்கிவிட்டது. "நல்லதுக்குத்தானடா செஞ்சேன். இது ஆகாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள். சொல்லவில்லைதான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, மடியில் வெற்றிலையை விரித்துக்கொண்டே கேட்டாள்: "ஊர்க்காரங்க கண்ணுக்கு நான் பயந்தது நெசந்தான். ஆனா ஒண்ணு கேக்கேன். தெனமும் வெள்ளனே எந்திரிச்சு அதுக மூஞ்சியிலயே முழிச்சு, அதுகளையே மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறது யாரு? அந்தக் கண்ணுக்குச் சேத்துத்தான் நான் சுத்துனேன்."

அவள் வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இனி விஷயம். இந்தச் செடிகளைக் காப்பாற்ற என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. உனக்குச் செடியைத் தெரியும். மண் தெரிந்தவர் அடுத்த அறையில் இருக்கிறார். இதோடு அவருக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நடந்ததை எழுதி, வழி கேட்டிருக்கிறேன். 'அன்புள்ள மணியன் அவர்களுக்கு' என்று எழுத ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. 'அன்புள்ள' என்பதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். மரியாதையாக இல்லை. போட்டுவிட்டேன். நீ படிக்கலாம். மறைக்க ஒன்றுமில்லை, கேவலமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உன் கேள்விக்கான பதில் இதிலும் இல்லை. தெரிந்துதான் விடுகிறேன்.

உன்
சேனாதிபதி


செண்பகனூர்,
14 ஜூன் 1964

அன்புள்ள விசாலத்துக்கு,

மழை பிடித்துவிட்டது. சுவரெல்லாம் ஓதம். அக்காவுக்கு முழங்கால் வலி, எனக்குச் சளி. வேறு குறையில்லை. இது உனக்கு மாதக் கடைசிக்குள் கிடைத்துவிடும் என்று தபாலாபீஸில் சொன்னார்கள். அதனால் இன்றே எழுதி முடிக்க வேண்டும்.

மணியனின் பதில் நேராக எனக்கே வந்தது. செடியைப் பிடுங்கி, வேரை மழைத் தண்ணீரில் அலசி, புது மண்ணில் வைக்கச் சொன்னார். தண்ணீரில் சில சொட்டு வினிகர். வாடிய கிளைகளை வெட்டிவிட வேண்டும். செய்தோம். அக்காதான் வேரை அலசினாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலக் கையில் ஏந்தி. மண் சுமக்கத் திரும்பவும் சோலைக்குப் போனேன். இரண்டு செடிகளில் புதுத் துளிர் பச்சையாக வருகிறது. முதல் தொட்டியில் இருந்தது போய்விட்டது. அக்கா மிச்சம் வைத்த கொத்தில் ஏழெட்டுப் பழம் கறுத்தது. கொண்டைக்குருவி தின்றது போக இரண்டு எங்களுக்குக் கிடைத்தன. அக்கா மிளகாய்ப்பொடி தொட்டுச் சாப்பிட்டு, "இதுக்கா இத்தன பாடு? நாவப்பழம் தேவல" என்றாள். நான் என்னுடையதைத் தயிரில் போட்டேன். பிடிக்கவில்லை. உனக்குப் பிடிக்கும் என்று இன்னொருவர் சொல்லித் தெரிந்ததால் இருக்கலாம்.

அவருடைய கடிதத்தில் கடைசிப் பத்தி மண்ணைப் பற்றியது அல்ல. நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லையாம். பேராசிரியர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாராம். என் கடிதம் வருகிற நாளில் நீ மாடிக்கு ஏறுவதில்லையாம். படிக்கட்டிலேயே உட்கார்ந்து பிரிப்பாயாம். படித்து முடித்துவிட்டு, இன்னும் ஒரு பக்கம் இருக்கும் என்பதுபோல உறையைத் திருப்பிப் பார்ப்பாயாம். 'எதுவானாலும் அவர்களுக்கு எழுதிவிடுங்கள்' என்று முடித்திருந்தார். நல்ல மனிதர்தான். இதை எழுத எனக்கு வலிக்கிறது.

படித்ததும் கண் நிறைந்தது. அடுத்த நிமிஷமே வேறொன்று தோன்றியது. அந்தப் படிக்கட்டை அவர் பார்த்திருக்கிறார். நீ உறையைத் திருப்பும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிகிறது. எனக்காக நீ காத்திருப்பதைக்கூட நான் பார்க்க முடியவில்லை, அவர் பார்க்கிறார். பொறாமைக்கு எதைக் கொடுத்தாலும் தின்கிறது. இரக்கத்தைக் கொடுத்தால் அதையும்.

உனக்கு என்ன எழுதுவது என்று நான் யோசித்தவற்றில் ஒன்று இது: அக்காவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்பட்டு வா. முழங்கால் வலியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும். அக்காவிடமே ஜாடையாகக் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கென்ன கேடு? கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். பொண்டாட்டிய வரச் சொல்லணும்னா உன் வாயால சொல்லு. எம் மேலுக்கு நோவ இழுக்காத. நாளைக்கி அவ வந்து என் காலப் பிடிச்சுவிட ஒக்காந்தா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நீட்டுவேன்?" என்றாள்.

ஆகவே என் வாயால் சொல்ல வேண்டும்.

மணியன் மீதுதான் பொறாமை என்று இத்தனை மாதம் நினைத்திருந்தேன். அவர் வெறும் ஆணி. மாட்டிவைக்க ஏதாவது வேண்டியிருந்தது. அந்தப் படத்தை நேற்றுக் கையில் எடுத்துப் பார்த்தேன். நிழலை விரலால் மறைத்தேன். நீ அப்படியேதான் சிரித்துக்கொண்டிருந்தாய். நிழல் யாருடையது என்பதில் அந்தச் சிரிப்பு மாறவில்லை. கையில் வேலை இருக்கிறது, எதிரில் செடி இருக்கிறது, அதனால் சிரிக்கிறாய். இந்த வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு உன்மீதுதான் பொறாமை, விசாலம். நான் போக ஆசைப்பட்ட இடத்துக்கு நீ போய், அங்கே நிற்கத் தகுந்தவளாகவும் இருக்கிறாய்.

இருந்து படி. இன்னொரு வருஷம். கையெழுத்தைப் போட்டுவிடு. பேராசிரியரைக் காக்கவைக்காதே.

பெருந்தன்மையால் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. அது இல்லை. இந்த வரியை எழுதும்போதும் மணியனைத் திட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். வா என்று எழுதினால் நீ வந்துவிடுவாய். அப்படிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பலில் வருகிறவளை நான் ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த ஒரு வருஷத்தில், அல்லது அது முடிகிற நாளில், திரும்பி வர மனமில்லை என்று எப்போதாவது உனக்குத் தோன்றலாம். தோன்றக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. தோன்றினால், அதைக் கடிதத்தில் எழுதாதே. எவ்வளவு செலவானாலும் சரி, எவ்வளவு நாளானாலும் சரி, இங்கே வந்து, இந்த வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து சொல். சொல்லிவிட்டுப் போ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்
சேனாதிபதி